லாரியை எப்போது அனுப்பக் கூடாது

மூன்று நாளில் பதினேழு தண்ணீர் லாரி போயிருந்தது. கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

அனுப்பியது ஏஐ. அதற்கு அப்படிச் சொல்லிவைத்தது சுகப்பிரியா.

அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு மேலே, மாடி அறைதான் கம்பெனி. கீழே தறி ஓடினால் மேலே டீ கிளாஸ் மேசையில் நடைபோடும். திருச்சுழிப் பக்கத்து விவசாயிகள் போன் செய்தால் ஏஐ எடுத்துப் பேசும். மழை வருமா, மிளகாய் வத்தல் என்ன விலை, பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் எது, தண்ணீர் லாரி வேண்டுமா. நான்கு வேலை, அதன் கையில் நான்கு கருவி. எந்தக் கருவி எதற்கு என்று எழுதிவைப்பது சுகப்பிரியாவின் பொறுப்பு. அதைப் படித்துத்தான் ஏஐ எதை எடுப்பது என்று முடிவு செய்யும்.

லாரிக் கருவிக்கு அவள் எழுதியது ஒரே வரி: ‘தண்ணீர் இல்லை என்பவர்களுக்கு லாரி அனுப்பும்.’

எழுதிய அன்று அதன் தெளிவில் அவளே சொக்கிப்போய், தனக்குத்தானே ஒரு பருத்திப்பால் வாங்கிக் கொடுத்துக்கொண்டாள்.

இப்போது பந்தல்குடியில் முறையாகச் சொல்லிவைத்த கல்யாண வீடு லாரிக்குக் காத்துக் கிடக்கிறது. லாரிக்காரர் உக்கிரபாண்டி விலகிக்கொள்கிறேன் என்கிறார்.

“சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணு தாயி, இல்லன்னா கம்பெனியப் பூட்டிட்டுப் போயிருவோம்,” என்றார் முதலாளி ஜெகதீஸ்வரன். “நீ எழுதுனதப் படிச்சா, ஏஐ என்ன, நானே ஜில்லா முழுக்க லாரி அனுப்பிருப்பேன்.”

இதில் ஒரு விநோதம். கேட்காமல் வந்த லாரியை ஒரு வீடும் திருப்பி அனுப்பவில்லை.

சுகப்பிரியா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவுகளைக் கேட்க ஆரம்பித்தாள்.

“ஒரு பொட்டுத் தண்ணி இல்ல தாயி. நல்லாருக்கியா? வத்தல் என்ன வெல போகுது?”

அடுத்தவர், “குடிக்கவே தண்ணியக் காணோம். அது கெடக்கட்டும், மழ உண்டா?”

எல்லோரும் இப்படியே. எடுத்ததும் தண்ணீர் இல்லை என்று ஒரு பாட்டம். பிறகுதான் வந்த காரியம். வேறு ஊர்களில் சாப்பிட்டாச்சா என்பார்கள். இந்த ஊரில் இது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற பேச்சு. இப்படி ஒரு வழக்கம் இருப்பது, ஒரு இயந்திரம் அதை நம்பி லாரி அனுப்பிய பிறகுதான் தெரிகிறது.

பழைய வரியை அழித்தாள்.

‘லாரி வேண்டும் என்று கேட்டால் மட்டும் அனுப்பவும். பேச்சின் தொடக்கத்தில் தண்ணீர் இல்லை என்பது இந்தப் பக்கத்து வணக்கம். அதற்கு அனுப்பக் கூடாது.’

படித்துப் பார்த்தாள். என்னவோ இடித்தது. இன்னொரு வரி சேர்த்தாள்.

‘போனை வைக்கும் முன் மறுபடியும் அதையே சொன்னால், வீட்டில் எத்தனை குடம் இருக்கிறது என்று கேட்கவும்.’

பதினேழு அழைப்புகளின் பதிவையும் புது வரிகளோடு ஏஐயிடம் திரும்ப ஓட்டினாள். பத்து. பன்னிரண்டு. பதினாறு. ஏஐ லாரிப் பக்கமே திரும்பவில்லை. ஜெகதீஸ்வரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார்.

பதினேழாவதில் நின்றது.

ஒரு பெண் குரல். தண்ணீர் இல்லை என்று ஆரம்பித்து, காப்பீட்டுத் தேதியைக் கேட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு, வைக்கும் முன் அதையே மறுபடி சொன்னது, குரலை இறக்கி. ‘வீட்டில் எத்தனை குடம் இருக்கிறது?’ என்று ஏஐ கேட்டது. மூன்று நாளைக்கு முந்தைய பதிவு எங்கிருந்து பதில் சொல்லும்?

“அந்தம்மாவுக்கே போனப் போட்டுக் கேட்டுரு,” என்றார் ஜெகதீஸ்வரன். “நம்பர் கெடக்கும்ல?”

நம்பரைத் தேடும் வேலை சுகப்பிரியாவுக்கு இல்லை. பதினேழில் அவள் முழுதாகக் கேட்காமல் தாண்டியது இந்த ஒன்றைத்தான். தினம் சாயங்காலம் அவள் போனில் இதே குரல் இதையே சொல்லும். ‘சரிம்மா, வேற?’ என்பாள் இவள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“யம்மா, வீட்டுல எத்தன கொடம் இருக்கு?”

அந்தப் பக்கம் குடத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம்.

“இப்ப இருக்குத்தா,” என்றாள் அம்மா. “அன்னைக்குத்தான் ஒண்ணும் இல்ல.”