ஈரம் பார்க்கும் கம்பம்

காலை ஐந்தரை மணிக்கு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இரண்டு பேர் ஒளிந்திருந்தார்கள். ஒருத்தி மெயின்டனன்ஸ் டிரெய்னி சுகப்பிரியா. மற்றவர் ஆலை மேலாளர் தளவாய். அவருடைய தொப்பை மட்டும் சுவரைத் தாண்டி நின்றது.

"இன்னிக்கு ஆள் மாட்டிடுவான் சார்," என்று கிசுகிசுத்தாள் சுகப்பிரியா.

"தண்ணியைத் திருடிட்டுப் போறவனைப் பார்த்திருக்கேன். கொண்டுவந்து ஊத்திட்டுப் போறவனை இப்பதான் பார்க்கப் போறேன்," என்றார் தளவாய்.

புல்தரைக்குக் குழாய் பிடித்துத் தண்ணீர் அடிக்கக் கூடாது என்று தொழிற்பேட்டை அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது. மண்ணின் ஈரம் பார்த்துத் தானே திறந்துகொள்ளும் தெளிப்பான் வைத்தால் தண்ணீர்க் கட்டணத்தில் சலுகை. சுகப்பிரியாதான் ஓடியாடி அதை வைத்தாள். தை வெள்ளியன்று, லைனில் புது மெஷின் இறங்கினால் செய்வதுபோலவே தேங்காய் உடைத்து, ஈரம் பார்க்கும் கம்பத்துக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஸ்விட்சைத் தட்டினாள்.

புல்லின் நடுவே முழங்கால் உயரத்துக்கு நிற்கும் கறுப்புக் கம்பம் அது. மண் காய்ந்தால் அதன் தலையில் சிவப்பு விளக்கு எரியும், ஈரமென்றால் பச்சை. தினமும் காலை ஆறரைக்குச் சிவப்பாக இருந்தால் மட்டும் தெளிப்பான் தண்ணீர் பீச்சும்.

மூன்று மாதம் ஒழுங்காகப் பீச்சியது. இந்த மே வெயிலில், மூன்று வாரமாக ஒரு சொட்டு இல்லை. ஆறரைக்குப் போய்ப் பார்த்தால் கம்பத்தைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சொதசொதவென்று ஈரம், மேலே பச்சை விளக்கு. மற்ற இடமெல்லாம் புல் துடைப்பமாகிக் கிடந்தது.

இன்று பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள். சலுகை போனால் சுகப்பிரியாவின் வேலை நிரந்தர ஆணையும் போகும். "கையெழுத்துப் போடணும்னா ஆளைக் காட்டு," என்று தளவாய் நேற்றே சொல்லிவிட்டார்.

ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும். தோட்டக்காரர் நாகப்பன். தெளிப்பான் வந்த அன்றே, "அப்ப எனக்கு இன்னா வேலை?" என்று கேட்டவர்.

சொல்லிவைத்ததுபோல் நாகப்பன் வந்தார். கையில் ததும்பும் வாளி, அதில் ஒரு சொம்பு.

சுகப்பிரியா பாய்ந்து ஓடினாள். "வாளியைக் கீழ வைங்க!"

"வெக்கத்தாம்மா வந்தேன்," என்றார் நாகப்பன் நிதானமாக. "பாவம், குடிக்கிற பாட்டில் தண்ணிய ஊத்திக்கினு இருந்துதுங்க. அதான் நானே எடுத்தாந்து வெக்கிறேன்."

"யாரு?"

அவர் கேட்டைக் காட்டினார். படப்பை ஹாஸ்டலிலிருந்து முதல் ஷிஃப்ட் பஸ் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் ஷூவைக் கழற்றிப் புல்லோரம் வைத்துவிட்டு வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்ற இசக்கிசெல்வி கண்ணை மூடி, கம்பத்தின் அடியில் ஒரு சொம்பு ஊற்றினாள். சிவப்பு பச்சையானது. பின்வரிசையில் குலவை கிளம்பியது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த தளவாய், "என்னம்மா இது?" என்றார்.

"பச்சை எரிஞ்சா வாக்கு குடுத்தாச்சுன்னு அர்த்தம் சார்," என்றாள் இசக்கிசெல்வி. "மூணு வாரம் முன்ன எங்க லைன் முப்பிடாதிதான் வேண்டிக்கிட்டு மொதல் சொம்பு ஊத்துனா. மறுநாளே பர்மனன்ட் ஆயிட்டா."

"அது நான் போட்ட கையெழுத்தும்மா," என்றார் தளவாய், மனம் நொந்து.

"அதுக்கப்புறம் யாரையும் கைவிட்டதில்ல சார். எல்லாருக்கும் பச்சைதான். வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கணும்னா லீவு கேக்கணும். இவரு உள்ளயே இருக்காரு."

மேலாளர் எதிரில் குரல் உயர்த்தாத சுகப்பிரியா அன்று வெடித்துவிட்டாள்.

"சார், இவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. ஈரம் பார்க்கிற மெஷினை யாரோ ஒருத்தர் சாமியாக்கி விட்டிருக்காங்க. அந்த ஆளைக் கண்டுபிடிச்சு இன்னிக்கே ஊருக்கு அனுப்புங்க!"

"கண்டிப்பா," என்றார் தளவாய். "சொல்லும்மா, இது சாமின்னு உங்களுக்குக் காட்டிக்குடுத்தது யாரு?"

இசக்கிசெல்வி சொம்பை நாகப்பன் கையில் கொடுத்தாள். சுகப்பிரியாவின் முகத்தைப் பார்க்காமல், கம்பத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"மொதமொதல்ல பொட்டு வச்சுக் கும்பிட்டது மேடம்தான் சார்."