நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவே

"தம்பி, கை வைக்கிறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை அணைச்சியா?"

நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள்ளிருந்து கணவர் கத்தினார்.

"அணைக்கணுமா சார்?" என்றது வெளியே மெக்கானிக்கின் குரல்.

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவரும் மனைவியும் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் ஆகிவிட்டது. அதுவரை மனிதர் சாவகாசமாகப் பேப்பரை மடித்து மனைவிக்கு விசிறிக்கொண்டுதான் இருந்தார். "பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷத்துல எடுத்துடறேன்" என்று மெக்கானிக் வாயைத் திறந்ததுதான் தாமதம், அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டடி அந்தப் பக்கம், இரண்டடி இந்தப் பக்கம். அதற்கு மேல் நடக்க அங்கே இடமும் இல்லை.

"ஏங்க, இது என்ன பரீட்சை ஹாலா?" என்றாள் மனைவி. பேப்பர் இப்போது அவள் கைக்கு வந்திருந்தது. "எனக்கு மூச்சு முட்டுது. அந்தப் பிள்ளையை வேலை செய்ய விடுங்க."

"நீ சும்மா இரு. தம்பி! லிஃப்ட்டைக் கையால நகர்த்தணும்னா, மேல மெஷின் ரூம்ல பிரேக்கை விட ஒருத்தர், சக்கரத்தைச் சுத்த ஒருத்தர் வேணும். ரெண்டு பேர் வந்திருக்கீங்களா?"

"நான் ஒருத்தன்தான் சார். ஒரு கையால பிரேக்கு, இன்னொரு கையால சக்கரம். சமாளிச்சிடலாம்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? இதுக்கு முன்னாடி எத்தனை தடவை சுத்தியிருக்க?"

வெளியே ஏதோ கருவி கீழே விழுந்து உருண்டது.

"மத்தவங்க சுத்தினதைப் பாத்திருக்கேன் சார். ஒரு தடவை."

மனைவி விசிறுவதை நிறுத்தினாள்.

"சரி, பிரேக் கைவிட்டுப் போச்சுன்னா லிஃப்ட் எந்தப் பக்கம் போகும்?"

"கீழதான் சார். வேற எங்க போகும்?"

"மேல போகும்டா! உள்ள ரெண்டே பேர்தான் இருக்கோம். கம்பிக் கயித்தோட அந்தப் பக்கம் தொங்குற எடை எங்களைவிட அதிகம். நேரா மேல போய் முட்டும்!"

மனைவி கதவுப் பக்கம் திரும்பினாள். "ஏம்பா, நீ எங்கதான் படிச்ச?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று கணவர் குறுக்கே புகுந்தார். ஆனால் மெக்கானிக் உற்சாகமாகிவிட்டான்.

"பாலத்துக்குப் பக்கத்துப் பயிற்சி நிலையத்துலதாம்மா. அங்க ரெண்டு சார் இருந்தாங்க. ஒருத்தருக்கு 'இம்சை'ன்னே பேரு வெச்சிருந்தோம். இதே சக்கரத்தை நூறு தடவை சுத்தச் சொல்லுவாரு. சுவிட்சை அணைக்க மறந்தா மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும். கையெல்லாம் கொப்புளம். அவர்கிட்ட மாட்டினவன் அழாம வீட்டுக்குப் போனதில்ல. இன்னொருத்தர் 'தங்கம்'. பாத்தாப் போதும்பா, செய்யவெல்லாம் வேணாம்பாரு. மழை பெஞ்சா லீவு, வெயிலடிச்சாலும் லீவு. என் நல்ல நேரம், எனக்குக் கிடைச்சது தங்கம்!"

கணவரின் முகம் கறுத்துப்போனது. மனைவி அவரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பேப்பரால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த இம்சைகிட்ட படிச்சவங்க யாராவது உங்க கம்பெனியில இருக்காங்களா?" என்று கேட்டார் கணவர்.

"எங்க சீனியரே அவர்கிட்ட படிச்சவர்தான் சார். வேற ஒரு கட்டடத்துல வேலையா இருக்காரு. வர முக்கால் மணி நேரம் ஆகுமே."

"அவரைக் கூப்பிடு. அவர் வர்ற வரைக்கும் நீ எதையும் தொடாத. உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"அம்மாவுக்கு மூச்சு முட்டுதுன்னாங்களே சார்?"

"இப்ப நல்லா வருதுப்பா," என்றாள் மனைவி அவசரமாக.

முக்கால் மணி நேரம் முக்கால் யுகமாக நகர்ந்தது. பிறகு வெளியே வேறொரு குரல் கேட்டது, கறாரான குரல். "சுவிட்ச் அணைச்சாச்சு. எல்லா மாடியிலயும் கதவு மூடியிருக்கு, பாத்துட்டேன். நான் சக்கரம், நீ பிரேக். நான் சொன்னாத்தான் விடணும், சொன்னதும் பிடிக்கணும். உள்ள இருக்கிறவங்க கதவுகிட்ட வராதீங்க, மெதுவாத்தான் நகரும்."

சொன்னபடியே லிஃப்ட் அங்குலம் அங்குலமாக ஏறி, அஞ்சாம் மாடித் தரைக்குச் சரியாக வந்து நின்றது. மனைவி கும்பிடாத தெய்வம் பாக்கியில்லை.

மெக்கானிக் ஓடிவந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தான். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரோரமாக நழுவப் பார்த்தார். அதற்குள் அவன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"தங்கம் சார்! நீங்களா உள்ள இருந்தீங்க? குரலை வெச்சு அடையாளமே தெரியல சார், வகுப்புல நீங்க ஒரு நாள்கூட எங்களைக் கேள்வி கேட்டதே இல்லையே!"