ஜாவாதான் சரி

பட்டாசு ஆர்டர்களைப் பிரித்துத் தரும் நிரலை, நம் வேல்விழி ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் எழுதியிருந்தாள்.

“இதுல ஒருக்கா வச்ச மதிப்பு மாறாது அண்ணாச்சி. ஆர்டர் குழம்பாது,” என்றாள் முதலாளியிடம்.

அவளுடைய கூட்டாளி செழியனே குறுக்கிட்டான். “ஹாஸ்கெல்லு இங்கன யாருக்குத் தெரியும்? நாளைக்கு இவ கல்யாணமாகிப் போயிட்டா என்ன செய்வீக? ஜாவான்னா விருதுநகர்ல தெருவுக்கு ஒருத்தன் கிடைப்பான்.”

முதலாளி தலையாட்டினார்.

“கோவிச்சுக்காத தாயி. எழுதுனதக் குடு, நானே ஜாவாவுல மாத்தித் தாரேன்,” என்று செழியன் வாங்கிப் போனான்.

சீசன் முடிந்ததும் அவன் பெங்களூர் போய்விட்டான். அங்கே ஹாஸ்கெல் தெரிந்தவர்களைத் தேடிய ஒரு கம்பெனிக்கு, வேல்விழி தன் நிரலை அனுப்பி வேலை கேட்டாள்.

போன் வந்தது.

“அடுத்தவர் எழுதினதை அனுப்பலாமாம்மா? இதை எழுதினவர் போன மாசமே எங்ககிட்ட சேர்ந்துட்டாரு.”

“யாருங்க அது?”

“செழியன். ஜாவாவைத் தொடவே மாட்டேங்கிறாரு.”