ஜீப் நின்ற இடம்

தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் நின்று தயாபரன் சட்டத்தைப் பிரசங்கிக்க ஆரம்பித்தவர், இன்னும் மூச்சு விடவில்லை.

கல்விக் காரியாலயத்தில் பிள்ளைகளின் வரவைக் கவனிக்கும் அதிகாரி அவர். ‘கட்டாயக் கல்வி’ என்று சொல்லும்போதெல்லாம், தானே அதைக் கண்டுபிடித்தவர்போலக் கண்ணை மூடிக்கொள்வார்.

எதிரே ஜெயந்தினி. கொழுந்து எடுக்கிறவள். அவள் மகள் தனுஜா ஒரு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

பதினாறு வயதுவரை பிள்ளையை அனுப்புவது பெற்றவர்கள் கடமை, தவறினால் பதுளை நீதவான் முன்னால் கைகட்டி நிற்க நேரும் என்று முழங்கினார்.

வேலைநாளில் அவள் கல்யாணச் சேலை கட்டி, பூவும் வைத்திருந்தாள். தமக்குத் தருகிற மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

“எப்பங்க சேர் கோர்ட்டு?”

பயந்துவிட்டாள் என்று அவருக்கு உள்ளம் குளிர்ந்தது. நினைத்தால் இன்றைக்கே வழக்குப் போடலாம் என்றார்.

அவள் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். கோயிலடியில் நின்ற ஜீப்புக்கு நடந்து, அதிகாரி உட்காரும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு முந்தியே தனுஜா வெள்ளைச் சீருடையோடு பின் சீட்டில் இருந்தாள்.

தயாபரன் ஓடி வந்தார். முதலில் எச்சரிக்கை, பிறகு விசாரணை, அதற்கும் பிறகுதான் கோர்ட்டு என்று இழுத்தார். அதுவரை புலியாய்ப் பாய்ந்த சட்டம், பூனையாகி மடியில் ஏறப் பார்த்தது.

லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். கோர்ட்டுக்கா, மாப்பிள்ளை பார்க்கவா என்று ஒருத்தி சீண்டினாள். ஜெயந்தினி சிரிக்கவில்லை. காரியாலயத்துக்கு நடையாய் நடந்து சொல்லியும் யார் காதிலும் ஏறாததை, நீதவானாவது கேட்டுத்தானே ஆகவேண்டும் என்றாள்.

தூறல் விழத் தொடங்கியது. இறங்கு என்று அதட்டினார்.

அவள் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, கீழே பள்ளத்தில் தெரிந்த பள்ளிக்கூடத்தைக் கை நீட்டிக் காட்டினாள்.

“ஸ்கூல் கிரவுண்டுல அவ்வளவு எடம் கெடக்கே. ஜீப்ப ஏன் சேர் இங்க கொண்டாந்து நிப்பாட்டுனீங்க?”

ஜீப் சாரதி வேறு பக்கம் பார்த்தான்.

காலையில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள மலைமேட்டில் கை நுழையும் அகலத்துக்கு நிலம் வெடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, மண் சரிந்தால் ஜீப் போய்விடும், மேலே கொண்டுபோ என்று அவனுக்கு உத்தரவு போட்டவர் தயாபரன்தான்.