முதலாளியின் கட்டைவிரல்

"கைநாட்டு வைக்க நாம என்ன தற்குறிப் பரம்பரையா மாப்பிள்ளை?" என்று முதலாளி சீறினார். சரக்கு, விலை, வசூல் என்று கம்பெனியையே கம்ப்யூட்டரில் ஏற்றிய மருமகன், வாசலிலும் விரல்ரேகைக் கருவியைப் பொருத்தியிருந்தான்.

"நாளையிலிருந்து விரல் வச்சாத்தான் கதவு திறக்கும் மாமா. நீங்களும் பதிஞ்சிடுங்க."

"என் முகத்துக்குத் திறக்காத கதவா?"

ஊழியர்கள் பதிந்தார்கள், அவர் பதியவில்லை. மறுநாள் கதவு திறக்கவில்லை. எச்சிலைத் தொடுவதுபோல் கட்டைவிரலை வைத்தார்.

'வணக்கம் முதலாளி. நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டீர்கள்' என்று திரையில் எழுத்து வந்தது.

"நான் விரலே பதியலையே! தகர டப்பாவுக்குத் திமிரைப் பாரு!" என்று கண்ணாடிக் கதவைத் தட்டினார். யாரும் திரும்பவில்லை. முதலாளி வந்து அமரும்போது எழுந்து நிற்பது அங்கே வழக்கம். உள்ளே மருமகன் உட்பட எல்லோரும் எழுந்து நின்று, அவருடைய காலி நாற்காலிக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.