விட்டுப்போன சொல்

விடுமுறையில் என்ன வாசிக்கிறீர்கள் என்று எழுத்தாளர்களிடம் கேட்டு ஞாயிறு பக்கத்தை நிரப்புவது ரூபினியின் வேலை. எல்லாரும் தடித்த நாவல்களைச் சொன்னார்கள். மலேசியாவின் தங்காக் ஊரிலிருக்கும் நாவலாசிரியர் கோவிந்தராஜு மட்டும் போனில், "தமிழ்ப்பள்ளி ஒன்றாம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூல்" என்றார்.

"விளையாடாதீங்க சார். மத்தவங்கள்லாம் பெரிய பெரிய புத்தகமா சொல்றாங்க லா."

"நிஜந்தாம்மா. எழுதியே வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்குங்க."

தலைக்கனம் என்று நினைத்துக்கொண்டே போனாள். அவர் தந்த தாளில் கையெழுத்து அச்சுப் போல இருந்தது.

"மூணாவது வரியில ஒரு சொல் விட்டுப்போச்சு சார். என்னன்னு பார்த்துச் சொல்றீங்களா?"

அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, அந்த வரியின் முதல் எழுத்தின் மேல் சுட்டுவிரலால் அதன் வடிவத்தை வரைந்து பார்த்தார்.

"மார்ச்சுல ஸ்ட்ரோக் வந்துச்சு," என்றார் அவர் மனைவி தனபாக்கியம். "கை எழுதுது. எழுதினதக்கூட அவரால வாசிக்க முடியல."

ரூபினி மெல்லக் கேட்டாள். "வேற ஏதாச்சும் புத்தகம் பேரு போட்டுக்கவா சார்?"

"வேணாம்மா. பதினோராம் பக்கம் வந்தாச்சுன்னு போடுங்க. 'பட்டம்'ங்கிற சொல்ல நேத்துதான் வாசிச்சேன்."

விரல் இன்னும் அந்த முதல் எழுத்திலேயே இருந்தது.