நடுப்பகுதி

“நடுப்பகுதி இருக்கு பாருங்க, அதுதான் தம்பி இந்த நாவலுக்கே உயிரு” என்றார் பதிப்பாளர்.

சொல்லிவிட்டு பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார். பாதி ஒடிந்து உள்ளே விழுந்தது. விரலை விட்டுத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

என் நாவலைப் புரட்டிய விரல்.

அறையில் ஏ.சி. இருந்தது. போடவில்லை. பெயரெடுத்த எழுத்தாளர் யாராவது வந்தால்தான் டிராயரிலிருந்து ரிமோட் வெளியே வருமாம். முதல் புத்தகக்காரனுக்கு ஃபேனே அதிகம்.

கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு தடி நாவலை முட்டுக் கொடுத்திருந்தார். அவரே பதிப்பித்ததுதான். விற்காமல் திரும்பி வந்த கவிதைப் புத்தகக் கட்டு ஒன்றின் மேல் காலை வைத்திருந்தார். எழுதின புண்ணியவான் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாவான்.

இந்த ஆள் முன்னால்தான் நான் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

“சார், ஒரு விஷயம்...”

கையைக் காட்டி அடக்கினார். அவர் பேசி முடிக்காமல் அடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது.

நடுப்பகுதியில் ஓர் ஆவேசம் இருக்கிறதாம். படித்த அன்றைக்கு முழுக்கச் சாப்பாடே இறங்கவில்லையாம். வயிற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. எந்த இடம் அவரை அப்படி உலுக்கியது என்று சொல்வாரா என்று பார்த்தேன். ம்ஹூம். “என்னமோ பண்ணுது” என்று நெஞ்சைத் தடவிக்கொண்டதோடு சரி.

வேறு பதிப்பகம் பாக்கியில்லை. எல்லாப் படியும் ஏறி இறங்கியாகிவிட்டது. பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் “பார்க்கலாம்” என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டில் மனைவி, “எழுத்தாளரே, கேஸ் தீர்ந்துபோச்சு” என்கிறாள். அவள் தம்பி அதற்கும் ஒருபடி மேலே. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், “மாமா நாவல் எழுதறாரு. வந்ததும் என் பேரப்பிள்ளைங்க படிக்கும்” என்பான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

அந்த மச்சினன் மூஞ்சியில் என் பெயர் போட்ட புத்தகம் ஒன்றை விட்டெறிய வேண்டும். ஒன்றே ஒன்று போதும். அதற்காகத்தான் இந்தக் கண்றாவியையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“போட்டுடலாம் தம்பி” என்றார்.

நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

“ஆரம்பமும் முடிவும்தான் கொஞ்சம் இழுவை, அதைக் கத்தரிச்சுடுங்க. நடுவுல மட்டும் ஒரு வரியைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன். இப்ப எப்படி இருக்கோ அப்படியே அச்சுக்குப் போகணும். ஆமா, ஏதோ சொல்ல வந்தீங்களே?”

நாவலை மூன்று கட்டாகக் கட்டி வைத்திருந்ததில் இரண்டைத்தான் போன மாதம் இவரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் கட்டும் கடைசிக் கட்டும். நேற்று மனைவி பீரோவுக்கு மேலே தூசி தட்டும்போதுதான் நடுக்கட்டு கிடைத்தது. அதைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன். மனுஷன் நான் பதில் கேட்க வந்ததாக நினைத்துக்கொண்டார்.

மடியில் இருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

“ஒண்ணுமில்ல சார். இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் முழுசாப் படிச்சிருக்கீங்க.”